தலைமடையும் கடைமடையும்

நான் ஆசிரியத் தொழில் புரியும் மாவட்டத்தின் பெயர் மொனராகலை. சிங்களத்திலே 'மொனரா' என்பது மயில். 'கல' என்பது பாறை. மயிற்பாறை என நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். கதிர்காமக் கந்தனின் ஊர்தியைத் தன் பெயரிலே தாங்கிய ஊர் இது. பறவையின் பெயரால் ஊரை அழைத்த மக்கள் பறவையோடு கலந்து வாழ்ந்தவராகத்தான் இருத்தல் வேண்டும். அந்த உறவு இன்று எந்நிலையில் இருக்கிறது என்பதை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சிந்தனை என் வகுப்பறையிலே பிறந்தது. சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூதுவிட்ட தனிப்பாடலைப் பத்தாம் வகுப்பு மாணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தெற்கே குமரித்துறையில் நீராடி மீண்டும் வடதிசைக்குத் திரும்பும் பறவையிடம் தம் வறுமையைத் தம் மனைவிக்குச் சொல்லும்படி வேண்டுகிறார் அவ்வேழைப் புலவர். பறவைகள் பருவந்தோறும் வலசை போகின்றன என்பதைத் தமிழர் அன்றே கண்டறிந்திருந்தனர் என்று சொல்லி நிறுத்தினேன். தோட்டத்துப் பிள்ளையொருவன் எழுந்து நின்றான்.

"ஐயா, அந்த நாரை குமரியோடு நின்றுவிடுமா? கடலைத் தாண்டி நம்முடைய நாட்டுக்கு வராதா?"

நல்ல வினா. வரும் என்றேன். செங்கால் நாரை மட்டுமன்று, வேறு பல பறவைகளும் வரும். ஊவா மலையில் ஊறும் நம் ஆற்று நீர் கடலைச் சேரும் திசையிலேயே அவை வந்திறங்கும். அவற்றுள் அழகிற் சிறந்தது பூநாரை என்றேன். அதோடு நில்லாது, உங்களை அழைத்துச் சென்று காட்டுவேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

அவ்வாறு வாக்களிக்க எனக்கொரு நினைவு துணை நின்றது. 1982ஆம் ஆண்டு தை மாதம். எனக்கு வயது பன்னிரண்டு. என் தந்தையார் தோட்டத்திலே கணக்கப்பிள்ளை. தோட்டத்துக் கடைக்கு உப்பு ஏற்றி வர அம்பாந்தோட்டைக்குச் சென்ற லொறியிலே என்னையும் ஏற்றிக்கொண்டார். உப்பளத்துக்கு அப்பால், நீரின்மேல் இளஞ்சிவப்புச் சேலையொன்றை உலர விரித்தாற்போல் ஏதோ தெரிந்தது. லொறி நெருங்கியதும் அச்சேலை எழுந்து பறந்தது! அத்தனையும் பூநாரைகள். தந்தையார் லொறியை நிறுத்தச் செய்து, கீழே இறங்கி, கைகூப்பினார். எதற்காகக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. இன்று கேட்க அவர் இல்லை.

கொடுத்த வாக்கின்படி சென்ற மாசியிலே மாணவர் முப்பதின்மரை அழைத்துக்கொண்டு புந்தலைக்குச் சென்றேன். நெடுங்கால் உள்ளான்களைக் கண்டோம். கரண்டிவாயன், கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம் ஆகியவற்றைக் கண்டோம். பூநாரையைக் காணவில்லை; ஒன்றையேனும் காணவில்லை. வழிகாட்ட வந்த முதியவர், "அவை முன்னொரு காலத்தில் வந்தன, மாத்தயா" என்றார். மாணவர் என் முகத்தைப் பார்த்தனர். பாடத்திலே பிழை கற்பித்த ஆசிரியனுக்கு நேரும் நாணம் எனக்கு நேர்ந்தது. ஏன் வரவில்லை என்று அப்பிள்ளைகள் வினவினர். அன்று விடை கூற இயலாத நான், பின்னர் நூல்களையும் அறிக்கைகளையும் தேடி வாசித்து, அவ்வழியே வாழும் மக்களிடமும் கேட்டறிந்த விடையை ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் ஆற்றை அறிவோம். கிரிந்தி ஓயா ஊவா மலையிலே பிறப்பது. எல்ல நகருக்குக் கீழே சுற்றுலாப் பயணிகள் கூடி நின்று காணும் இராவணன் நீர்வீழ்ச்சியின் நீரும், 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியின் நீரும் இறுதியில் இவ்வாற்றையே சேர்கின்றன. பூனாகலைத் தோட்டங்களின் சரிவுகளிலே நம் தாய்மார் கொழுந்து பறிக்கும்போது பெய்யும் மழை இவ்வழியாகவே கீழிறங்குகின்றது. வெல்லவாய, தணமல்வில ஆகிய வறண்ட ஊர்களைக் கடந்து, லுணுகம்வெகர நீர்த்தேக்கத்திலே தங்கி, திசமகாராமப் பெருவயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது கிரிந்தையருகே கடலிலே கலக்கின்றது. இதுவே ஆற்றின் கதை.

அவ்வாற்று முகத்துக்கு மேற்கே, அம்பாந்தோட்டை வரையிலுள்ள கரையோரத்திலே புந்தல, எம்பிலிகல, மலல எனக் களப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. மணல்மேடு கடலைத் தடுக்கும். மழைக்காலத்திலே நன்னீர் வந்து சேரும். கோடையிலே வெயில் அதனை வற்றச் செய்து உவர்ப்பை மிகுவிக்கும். இவ்வாறு உவரும் நன்னீரும் மாறி மாறி ஆளும் ஆழமற்ற நீர்நிலையே களப்பு. வடதுருவத்தின் அருகிருந்து புறப்பட்டு வரும் பறவைக்கு இக்கரையே பயணத்தின் எல்லை. இதற்குத் தெற்கே பனிக்கண்டமாகிய அண்டார்டிக்கா வரையில் காலூன்ற ஒரு கண்டமும் இல்லை.

இதன் அருமையை அரசாங்கம் அறியாமல் இல்லை. 1969ஆம் ஆண்டிலே புந்தல சரணாலயமாயிற்று. 1990ஆம் ஆண்டிலே இராம்சார் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தபோது, நம் நாட்டின் முதலாவது இராம்சார் ஈரநிலமாகப் பட்டியலில் இடம்பெற்றது இதுவே. 1993ஆம் ஆண்டில் 6,216 ஹெக்டயர் பரப்புள்ள தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. ஏறக்குறைய இருநூறு வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. பட்டங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் பட்டம் பெற்றவரெல்லாம் வாழ்வு பெற்றவராவரோ?

தீங்கு வேலிக்குள்ளே பிறக்கவில்லை. வேலிக்கு வெளியே, ஆற்றின் வழியாக வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கிரிந்தி ஓயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் வகுக்கப்பட்டு, 1980களின் நடுப்பகுதியிலே லுணுகம்வெகர அணை எழுந்தது. நோக்கம் உயர்ந்தது; நிலமற்ற உழவருக்கு நிலமும் நீரும் கொடுப்பது. அதனைக் குறைகூற எவருக்கும் நாவெழாது. ஆனால் வலது கரையிலே புதிதாகத் திறக்கப்பட்ட வயல்களுக்குப் பாய்ந்த நீர், பயிரை நனைத்தபின் எங்கே போகும்? சரிவு எங்கே இருக்கிறதோ அங்கே போகும். அச்சரிவின் அடியிலே கிடந்தவை எம்பிலிகலவும் மலலவும் ஆகும்.

வடிகால் நீர் ஆண்டு முழுவதும் அக்களப்புகளுக்குள்ளே வந்து விழத் தொடங்கியது. உவர்ப்புக் குன்றியது. உவர்நீரிலே பெருகும் சிற்றிறால்களும் நுண்பாசிகளுமே பூநாரையின் உணவு. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகினுள்ளே நீரை வாங்கி, சல்லடை போன்ற அமைப்பினால் வடித்து உண்ணும் பறவை அது. நீர் இனிப்பானபோது அவ்வுணவு குன்றியது. நீர் ஆழமானபோது குறுங்காற் பறவைகள் நின்று மேயச் சேற்றுப்பரப்பும் இல்லாமற் போயிற்று. உவரிலே முளைக்கமாட்டாத சம்புப்புல் கரையை மூடியது. வயலிலிட்ட உரமும் மருந்தும் நீரோடு கூடவே வந்தன. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கொழும்பிலே அனைத்துலக நீர்ப்பாசன முகாமை நிறுவனத்தார் கூட்டிய ஆய்வரங்கு, இக்களப்புகளின் நீர்த்தன்மையையே பொருளாகக் கொண்டிருந்தது. ஆதலால் இது பறவைப் பித்தர் சிலரின் புலம்பல் அன்று. நீரியல் அறிஞர் கால் நூற்றாண்டுக்கு முன்னரே ஆராய்ந்த செய்தி.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உழவர் வழக்கிலே தலைமடை, கடைமடை என்னும் சொற்கள் உண்டு. தலைமடைக்காரன் நீரை முந்திக்கொள்வான். கடைமடைக்காரன் நீரின்றி வாடுவான். இது நாம் அறிந்த வழக்கு. புந்தலையிலோ அது தலைகீழாயிற்று. கடைமடையிலே கிடந்த களப்பு நீரின்மையால் அழியவில்லை. வேண்டாத நன்னீர் மிகுந்தமையால் அழிந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் நம் பழமொழிக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ?

மனிதரும் தப்பவில்லை. களப்பிலே இறால் பிடித்து வாழ்ந்த மீனவரின் வருவாய் குன்றியது. மழை மிகுந்து களப்பு நிரம்பும்போது, வயல் மூழ்காதிருக்க மணல்மேட்டை வெட்டிவிடுவர். வெட்டியதும் களப்பு நீர் கடலுக்கு ஓடிவிடும். மீனவன் வலை வெறுமையாகும். வெட்டாவிடின் உழவன் அழுவான். வெட்டினால் மீனவன் அழுவான். புதிய வயல்களிலே குடியேறியவர்தாம் மகிழ்ந்தனரோ எனின், அதுவும் இல்லை. ஆற்றிலே எதிர்பார்த்த அளவு நீர் வரவில்லை; ஆண்டிலே இரண்டு போகம் என்று நம்பி வந்தவர் பலர் ஒரு போகத்தோடு அமைய வேண்டியதாயிற்று.

இவையன்றிப் பிறிதொரு பகையும் உண்டு. 1950களிலே உவர்நிலத்தைத் திருத்தும் நல்லெண்ணத்தோடு அம்பாந்தோட்டைப் பகுதியிலே சீமைக் கருவேலத்தை நட்டனர். இராமநாதபுரத்துச் சீமையார்க்கு இதன் குணம் நன்கு தெரியும். அது திருத்த வந்த நிலத்தைத் தானே ஆண்டுகொண்டது. இன்று சீமைக் கருவேலமும் சப்பாத்திக் கள்ளியும் களப்புக் கரையை நெருக்கி, பறவை இறங்கும் வெளியை ஆண்டுக்காண்டு குறுக்கி வருகின்றன.

இத்தனையும் சேர்ந்ததன் பயனாகவே, ஆயிரக்கணக்கில் வந்த பூநாரைக் கூட்டம் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளின் பின்னர்ப் புந்தலையைக் கைவிட்டது எனலாம். வலசைப் பறவையின் வரவு பிற நாடுகளின் மழையையும் பொறுத்தது. ஆதலால் முழுப்பழியையும் வடிகால் ஒன்றின் மேலேயே சுமத்துதல் நேர்மையாகாது. எனினும் மன்னார்க் கரையிலே இன்றும் பூநாரை இறங்குகின்றது. கடலைத் தாண்டி வர அதற்கு வழி மறந்துவிடவில்லை. ஓரிடத்தைத் தள்ளி மற்றோரிடத்தைக் கொள்கிறது என்றால், தள்ளப்பட்ட இடத்திலே குறையுண்டு என்பது தெளிவு.

பழைய கதையை இப்போது ஏன் எழுப்புகின்றீர் என்று அன்பர்கள் கேட்கலாம். பழைய கதை புதிய ஏட்டிலே மீண்டும் எழுதப்படுகின்றது, ஆதலினாலேயே எழுப்புகின்றேன்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், ஈரான் நாட்டின் அன்றைய சனாதிபதி இப்ராகிம் ரைசி அவர்கள் நேரில் வந்து உமா ஓயாத் திட்டத்தைத் திறந்து வைத்தார்கள். உமா ஓயா மகாவலியின் கிளை; இயல்பாக வடக்கே ஓடி, மகாவலியோடு கூடித் திருகோணமலைப் பக்கத்துக் கடலைச் சேர வேண்டியது. அதன் நீரின் ஒரு பங்கினைப் புகுல்பொல, டயரபா என்னும் இடங்களிலே அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்த பதினைந்து கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே தெற்கே திருப்பி, வெல்லவாயைக்கு அண்மையிலே நிலத்தின் கீழ் அமைத்த நிலையத்தில் 120 மெகாவாற்று மின்னை எடுத்து, பின்னர் கிரிந்தி ஓயாவின் வடிநிலத்திலே விடுகின்றனர். ஏறக்குறைய 6,000 ஹெக்டயர் நிலத்துக்குப் பாசனம் கிடைக்கும் என்பது திட்டக்காரரின் கணக்கு.

இத்திட்டத்துக்கு மலைநாடு கொடுத்த விலையை நாம் மறந்துவிடவில்லை. 2014ஆம் ஆண்டு இறுதியிலே சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் பொத்துக்கொண்டு பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. குடிநீரைத் தாங்கிவண்டிக்காகக் காத்துநின்று வாங்கும் நிலை மலைமேல் வாழ்வோர்க்கு வந்தது. தலைமடையிலே கிணறு வற்ற, கடைமடையிலே களப்பு நிரம்பி வழியுமாயின், நடுவிலே நாம் பெற்றது என்ன என்று கணக்குப் பார்க்கவேண்டாமா?

நடுவிலும் பயன் உண்டு, மறுக்கமாட்டேன். வெல்லவாயைக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரிலே சிங்கள உழவர் ஒருவரோடு உரையாடினேன். மழையை நம்பிச் சோளம் விதைப்பவர். மூன்று பிள்ளைகளின் தந்தை. "பறவையைப் பற்றி எழுதுங்கள், மாத்தயா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் வருவதைத் தடுக்கும்படி மட்டும் எழுதிவிடாதீர்கள்" என்றார். அவர் சொல்லிலே நியாயம் இருந்தது. மொனராகலை வறுமை மிகுந்த மாவட்டம். இங்கே நீர் என்பது சோறு. ஆகவே அவருக்கு நான் கொடுத்த உறுதியை இக்கட்டுரையிலே காக்கின்றேன். நீர் வரட்டும். ஆனால் நீர் வருவதற்குத் திட்டமிட்டவர், அது வயலைவிட்டு வெளியேறுவதற்கும் திட்டமிட வேண்டும். 1980களிலே வாய்க்காலை வரைந்தவர் வடிகாலின் முடிவை எண்ணாதிருந்தனர். அதே ஆற்றின் வடிநிலத்துக்கு இன்று மேலும் நீர் வருகின்றது. அதே பிழையை இரண்டாம் முறை செய்தால் அதற்குப் பெயர் பிழையன்று, குற்றம்.

பறவையும் உழவும் பகையென்று எண்ணுவோர் செங்கற்பட்டுச் சீமையிலே உள்ள வேடந்தாங்கலை நோக்குக. அவ்வூர் ஏரியிலே கூடுகட்டும் பறவைகளை ஊரவரே தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகின்றனர். பறவைகளின் எச்சத்தால் ஏரி நீர் உரம் பெறுகின்றது. அந்நீர் பாயும் வயல் செழிக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் சென்று, பறவைகளைச் சுடாதிருக்க உத்தரவு பெற்றவர் அவ்வூர் உழவர். அவர்கள் கல்லூரியிலே பயின்றவரல்லர். கடைமடையைப் பார்த்து வாழ்ந்தவர்.

நம் நாட்டிலும் முன்னோர் வழிகாட்டியுள்ளனர். திசமகாராமத்துப் பழங்குளங்களை நோக்குங்கள். மேல்வயலிலே வடிந்த நீர் கீழ்க்குளத்திலே சேரும். அங்கிருந்து மீண்டும் வயலுக்குப் பாயும். ஒரே நீர் பலமுறை பயன்படும். கடைசியிலே கடலை நோக்கிச் செல்வது சிறிதளவே. அக்குளங்களிலே இன்றும் நீர்ப்பறவைகள் நிறைந்திருக்கின்றன. புதிய பொறியியல் பழைய பொறியியலிடம் கற்கவேண்டிய பாடம் இது.

ஆதலின் செய்யத்தக்கவை எனச் சிலவற்றைப் பணிவோடு முன்வைக்கின்றேன். முதலாவது, உமா ஓயா நீரைக் கொண்டு புதிய வயல் எதனையும் திறக்குமுன்னர், அதன் வடிகால் எங்கே முடியும் என்பதை வரைபடத்திலே காட்டி, மக்கள் அறிய வெளியிடவேண்டும். இரண்டாவது, இப்போது எம்பிலிகலவிலும் மலலவிலும் விழும் நீரை இடைக்குளங்களிலே தேக்கி மீண்டும் பாசனத்துக்குத் திருப்பவேண்டும். அதனால் நீர் போதாத உழவருக்கும் நன்மை, களப்புக்கும் நன்மை. மூன்றாவது, மணல்மேட்டை வெட்டும் நாளை ஒருவர் தனித்து முடிவுசெய்யலாகாது. உழவர், மீனவர், வனசீவராசிகள் திணைக்களத்தார் மூவரும் ஒரே பாயிலே அமர்ந்து முடிவுசெய்தல் வேண்டும். நான்காவது, சீமைக் கருவேலத்தை வேரோடு களையும் வேலையை அயலூர் இளைஞருக்குக் கூலியோடு கொடுக்கலாம். ஐந்தாவது, தலைமடையாகிய மலைச்சரிவிலே எஞ்சியுள்ள காட்டையும் ஊற்றுக் கண்களையும் காப்பதோடு, கிணறு இழந்தவருக்கு நீதியும் செய்யவேண்டும். தலையை வெட்டிவிட்டு வாலுக்கு மருந்து பூசுவதிற் பயனில்லை.

இங்கே ஓர் ஒற்றுமையைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. ஈரநிலங்களைக் காப்பதற்கான உலக உடன்படிக்கை 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட இராம்சார் என்னும் நகரம் ஈரான் நாட்டிலேயே உள்ளது. நம் ஆற்றைத் திருப்பிய சுரங்கத்தைக் குடைந்தவரும் அந்நாட்டுப் பொறியியலாளரே. அந்த உடன்படிக்கையிலும் நாம் ஒப்பமிட்டோம். இந்தத் திட்டத்திலும் ஒப்பமிட்டோம். இரண்டு ஒப்பங்களும் ஒன்றையொன்று பொய்யாக்காதபடி நடப்பது நம் கடன்.

தோட்டத்து மக்களுக்கும் ஒரு சொல். நமக்கு ஆற்றங்கரையிலே வயல் இல்லை. களப்பிலே வலை இல்லை. பலருக்குக் குடியிருக்கும் நிலமே சொந்தமில்லை. எனவே இது நம்முடைய வழக்கன்று என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. ஆறு பிறக்கும் இடத்திலே இருப்பவர் நாம். நம் லயங்களின் கோடியிலே ஓடும் ஓடைதான் கீழே ஆறாகின்றது. தலைமடையில் இருப்பவன் செய்வதும் செய்யாததும் கடைமடை வரை சென்று சேரும். உரிமை தாமதித்து வந்தாலும், பொறுப்பை உணர்ந்துகொள்ளத் தாமதம் வேண்டியதில்லை.

புந்தலையிலிருந்து திரும்பும்போது, அந்தப் பிள்ளை தன் பயிற்சிக் கொப்பியை என்னிடம் நீட்டினான். கண்ட பறவைகளின் பெயரை இடப்பக்கத்திலும் எண்ணிக்கையை வலப்பக்கத்திலும் எழுதியிருந்தான். கடைசி வரியிலே 'பூநாரை' என்று எழுதி, எதிரே ஒரு சுழியம் இட்டிருந்தான்.

"காணாததை ஏன் எழுதினாய், தம்பி?" என்று கேட்டேன்.

"ஐயா அடுத்த வருடமும் கூட்டிக்கொண்டு வருவீர்கள்தானே? அப்போது பார்த்து மாற்றலாம் என்று எழுதினேன்" என்றான்.

ஆம், ஆண்டுதோறும் அழைத்துச் செல்லவே எண்ணியுள்ளேன். அச்சுழியத்தை மாற்றும் ஆற்றல் ஆசிரியனாகிய என்னிடம் இல்லை. வாய்க்காலையும் வடிகாலையும் வரையும் கைகளிலேயே அது இருக்கின்றது. அக்கைகளுக்கு உரியோர் இதனைப் படிப்பாராயின், பயிற்சிக் கொப்பியொன்றிலே ஒரு வரி அவர்களுக்காகக் காத்திருக்கின்றது என்பதை மட்டும் தெரிவித்து அமைகின்றேன்.